காற்றைக் குடித்து வாழாத காற்றுச் செடி: அயோனாந்தா வளர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு

"தண்ணியே ஊத்த வேணாம் சார், காத்துலயே வாழும்" என்று சொல்லித்தான் எனக்கு முதல் செடியை விற்றார்கள். நானும் நம்பி, கூடவே வந்த கண்ணாடி உருண்டைக்குள் வைத்து ஹாலில் தொங்கவிட்டேன். இரண்டு மாதம் துளி மாறாமல் அழகாக இருந்தது, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தூசி தட்டலாம் என்று வெளியே எடுத்தால் இலை வைக்கோல் மாதிரி கையோடு வந்தது. செத்து எத்தனை நாள் ஆயிற்றோ தெரியவில்லை. இந்தச் செடியில் முதல் சிக்கலே அதுதான், உயிரோடு இருக்கும்போதும் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும், செத்த பிறகும் கொஞ்ச காலத்துக்கு அதே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது செடிக்கு வஞ்சனையே இல்லாமல் தினமும் ராத்திரி படுக்கப்போகும் முன் ஸ்ப்ரே அடித்தேன். ஐந்தாவது வாரம் அதைத் தூக்கியபோது அடிப்பாகம் அலமாரியிலேயே தங்கிவிட்டது, மேல் இலைகள் மட்டும் கையில் வந்தன. மூன்றாவது செடி இப்போது ஏழு குட்டிகளோடு பந்து மாதிரி என் சென்னை வீட்டு பால்கனியில் தொங்குகிறது. இரண்டு சாவுக்கும் ஒரு பிழைப்புக்கும் நடுவில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் படித்தால்கூடப் போதும். காற்றுச் செடிக்குத் தண்ணீர் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் கொடுத்த தண்ணீர் நாலு மணி நேரத்துக்குள் செடியின் மேலிருந்து காய்ந்துவிட வேண்டும். நனைப்பது பாதி வேலை, காயவைப்பது மீதிப் பாதி. என்னைக் கேட்டால் இரண்டாவது பாதிதான் பெரிது.

ஆள் யார் என்று பார்த்துவிடுவோம்

காற்றுச் செடிகளின் தாவரவியல் பெயர் டில்லாண்ட்சியா, அது ஒரு பெரிய குடும்பத்துக்குள் இருக்கும் பேரினம், 650க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. அதில் புதியவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அயோனாந்தாதான். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் சொந்த ஊர். 1855இல் பிளாங்ஷோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதை விவரித்துப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அயோன் என்றால் வயலட், ஆந்தோஸ் என்றால் பூ. ஏன் அந்தப் பெயர் என்பது பூக்கும்போது தெரியும்.

குடும்பம் என்று சொன்னேனே, அது வேறு யாருமில்லை, நம் அன்னாசிப் பழத்தின் குடும்பம். அன்னாசியின் கொண்டையைத் திருகி எடுத்து அதை உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரிச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அதுதான் அயோனாந்தா. ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் உயரம், கூரான நெருக்கமான இலைகள், அடியில் நாலைந்து கம்பி மாதிரி வேர். அந்த வேர் தண்ணீர் குடிக்க இல்லை, பிடித்துக்கொள்ள மட்டும்தான். மரத்தின் மேல் வளர்கிறது என்றதும் நம் ஆட்களுக்கு மாமரத்துப் புல்லுருவிதான் நினைவுக்கு வரும், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என் செடியைப் பார்த்து "இத எதுக்கு வளக்கறீங்க, மரத்த உறிஞ்சிரும்" என்று கடிந்துகொண்டார். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாறு எடுக்கும், ஒட்டுண்ணி. இது வெறும் தொற்றுச் செடி. மரத்தில் உட்காரும், பாறையில் உட்காரும், கள்ளியின் மேல்கூட உட்காரும், எதிலிருந்தும் எதையும் எடுக்காது. இதன் உறவுக்கார இனம் ஒன்று, ரிகர்வாட்டா என்று பெயர், மெக்சிகோவில் மின்கம்பியிலேயே பந்து பந்தாக வளர்கிறது. கம்பியில் என்ன சாறு இருக்கிறது?

அப்படியானால் எதைத் தின்று வாழ்கிறது என்றால், எல்லாமே இலை வழியாகத்தான். மழை, பனி, மூடுபனி, அந்தத் தண்ணீரோடு கரைந்து வரும் தூசியும் பறவை எச்சமும் மக்கிய இலைச் சாறும். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம், வாங்கி வந்த அன்றே பாருங்கள். காய்ந்திருக்கும் இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தாமரை இலையிலும் சேம்பு இலையிலும் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும் அல்லவா, இங்கே அதற்கு நேர் எதிர். சொட்டு பரவி, மையொற்றுத் தாளில் விழுந்த மாதிரி உள்ளே போய்விடும், அந்த இடம் மட்டும் சாம்பல் நிறம் போய் பச்சை என்று தெரியும். செல்போன் கேமராவை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இலை முழுக்க மெல்லிய செதில்கள் தெரியும். தண்ணீர் பட்டால் அந்தச் செதில் படிந்துகொள்ளும், அதன் நடுப்பகுதி வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். காய்ந்ததும் செதிலின் ஓரம் மறுபடி தூக்கிக்கொண்டு வெயிலைச் சிதறடிக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. அந்த வெள்ளிப் பூச்சு தூசி இல்லை, அதுதான் செடியின் வாய். துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், அப்படிச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும், அது தெரியாமல்தான் என் இரண்டாவது செடி போனது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து மூச்சு விடும். இது வறண்ட காட்டில் பிழைக்க வந்த செடி, பகலில் திறந்தால் ஈரமெல்லாம் ஆவியாகிவிடும் என்று பகலில் மூடிக்கொண்டு ராத்திரியில் திறந்து கார்பன் டையாக்சைடை வாங்கிச் சேமித்துவைத்து, விடிந்ததும் வெயிலை வைத்துச் சமைத்துக்கொள்கிறது. அன்னாசியும் அப்படித்தான், கள்ளியும் அப்படித்தான். ராத்திரி இலைமேல் தண்ணீர் படலம் கிடந்தால் மூச்சு அடைபடும், ஈரத்தோடு விடியும்வரை கிடந்தால் நடுக்குருத்து அழுகும். அதனால் தண்ணீர் எப்போதும் காலையில்தான்.

பெயர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. 17ஆம் நூற்றாண்டில் எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்று ஒரு மருத்துவர், தாவரவியலாளர், பின்லாந்தின் துர்க்கு நகரில் பேராசிரியராக இருந்தவர். அவர் மாணவராக இருந்தபோது கப்பலில் போய் குமட்டலில் பட்ட பாட்டுக்குப் பயந்து, திரும்பும்போது கடல் வேண்டவே வேண்டாம் என்று ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவில் இருக்கும் போத்னியா வளைகுடாவைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தரைவழியாகவே வந்து, பெயரையே 'தரைவழி' என்று பொருள்படும் டில்லாண்ட்ஸ் என மாற்றிக்கொண்டாராம். தண்ணீர் பிடிக்காத மனிதரின் பெயரைத் தண்ணீர் பிடிக்காத செடிக்கு வைக்கலாம் என்று நினைத்துத்தான் செடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்தார். ஆக, இந்தச் செடியைத் தப்பாகப் புரிந்துகொண்ட வரிசையில் நானும் என் கடைக்காரரும் முதல் ஆட்கள் இல்லை.

வாங்கும்போது

நர்சரியில் என்றால் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல செடி அதன் அளவுக்குக் கொஞ்சம் கனமாக இருக்கும், அடிப்பாகம் விரலால் அமுக்கினால் வெங்காயம் மாதிரி கெட்டியாக இருக்கும். பூப்பந்து இறகு மாதிரி லேசாக இருந்தால் நாள்கணக்கில் தண்ணீர் பார்க்காத செடி. நடு இலை ஒன்றை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. வந்தால் உள்ளே அழுகிவிட்டது என்று அர்த்தம், பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். ஓரத்தில் இரண்டு மூன்று அடியிலை காய்ந்திருப்பது தப்பில்லை, வயதானால் அப்படித்தான்.

சிவப்பு, நீலம் என்று முழுச் செடியும் ஒரே வண்ணத்தில் மின்னினால் அது பெயின்ட். பூக்கும் காலத்தில் அயோனாந்தா இயற்கையாகவே சிவக்கும், ஆனால் நடுவிலிருந்து சிவந்து ஓரம் பச்சையாக, ஒன்றோடொன்று கலந்து இருக்கும். பெயின்ட் அடித்த செடியின் வாயை அடைத்துவிட்டார்கள், அதை வாங்காதீர்கள். மணலும் கூழாங்கல்லும் போட்ட கண்ணாடி உருண்டையோடு விற்பதை வாங்கினால் செடியை எடுத்துக்கொண்டு உருண்டையைச் சில்லறை போட வைத்துக்கொள்ளலாம்.

அயோனாந்தாவிலேயே பல ரகம் உண்டு. சிறியதாய், எளிதில் செக்கச் சிவக்கிற ஃபியூகோ. வெள்ளைப் பூ பூக்கிற, பூக்கும்போது இலை மஞ்சளாக மாறும் ட்ரூயிட். மெல்லிய இலையோடு பஞ்சு மாதிரி இருக்கும் ரூப்ரா. ஆரம்பத்துக்கு ரகம் பார்க்காதீர்கள், தடித்த இலையோடு நல்ல கனமாக இருக்கும் எதுவும் சரி. கூடவே கடையில் பெரிய சுருள் இலையோடு ஸெரோகிராஃபிகா இருக்கும், ஆசை காட்டும். அது காட்டிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கப்பட்டதால் அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது, நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள், முதல் செடியாக வேண்டாம்.

கூரியரில் வரவழைத்தால் பெட்டி வந்த அன்றே திறந்துவிடுங்கள், ஊரிலிருந்து வந்து திறந்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். நிழலில், காற்றாட ஒரு நாள் வைத்துவிட்டு மறுநாள் காலை முதல் குளியல்.

எங்கே தொங்கவிடுவது

இதன் சொந்தக் காடு, வறட்சிக் காலத்தில் இலை உதிர்க்கும் காடு. மரத்துக்கு இலை இருக்கும்போது வடிகட்டின வெயில், உதிர்ந்ததும் நல்ல வெளிச்சம், எந்நேரமும் காற்று. நம் வீட்டில் அதற்குப் பக்கத்தில் வருவது கிழக்குப் பார்த்த பால்கனி அல்லது ஜன்னல் கம்பி. காலை ஒன்பது மணி வரை வரும் வெயில் நேராகவே படலாம், அதற்கு மேல் கூடாது. மொட்டைமாடியில் வைக்கிறவர்கள் ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் கண்ணாடியை ஒட்டி வைக்க வேண்டும்; ஹாலின் நடுவில், டீவிக்குப் பக்கத்தில், பாத்ரூமில் எல்லாம் படத்துக்குத்தான் அழகு. வெளிச்சம் போதாத செடியின் இலை வெளிறி, நீண்டு, தளர்ந்து விரியும். கொண்டை இறுக்கமாக இருந்தால் வெளிச்சம் சரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே வைத்தால் காக்காவையும் அணிலையும் கணக்கில் எடுங்கள். என் செடி ஒருநாள் காணாமல் போய், கூடு கட்டும் சீசன் என்று பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து தூண்டில் நரம்பு போட்டுக் கட்டிவிடுகிறேன்.

தண்ணீர், முறையாக

என் வழக்கம் இது. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் ஒரு சின்ன வாளியில் தண்ணீர் எடுத்து, செடியைத் தலைகீழாகவோ படுக்கவோ போட்டு முழுக்க மூழ்கவிட்டு, காபி போட்டுக் குடித்து பேப்பர் படித்து முடிக்க ஆகும் நேரம், இருபது நிமிடத்திலிருந்து அரை மணி. எடுத்ததும் அடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நாலு உதறு உதறுவேன், இலைக் கக்கத்தில் தேங்கின தண்ணீர் தெறித்து விழும். முதல் உதறலில் வருவதைப் பார்த்தால் இவ்வளவு தண்ணீர் உள்ளே ஒளிந்திருந்ததா என்று ஆச்சரியமாக இருக்கும், அந்தத் தண்ணீர்தான் செடியைக் கொல்வது. அப்புறம் அரிசி களையும் ஓட்டைத் தட்டில் கவிழ்த்து, காற்று வரும் இடத்தில் வைத்துவிடுவேன். பதினோரு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் குருத்து காய்ந்திருக்க வேண்டும், இலை பச்சை குறைந்து மறுபடி சாம்பல் திரும்பியிருக்க வேண்டும். காயவில்லையா, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். காய்ந்த பிறகுதான் அதன் இடத்துக்குப் போகும்.

புதன்கிழமை காலை நன்றாகச் சொட்டச் சொட்ட ஒரு ஸ்ப்ரே. வெறும் ஸ்ப்ரேயை மட்டும் நம்பி வளர்ப்பது சிலருக்குக் கைகூடும், எனக்குக் கூடவில்லை, மேலே ஈரப்படுத்திவிட்டு நிறையக் குடித்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஊருக்கு ஊர் இது மாறும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் உண்டு, வாரம் ஒரு குளியல் போதும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஈரமான செடி அரை மணியில் காய்ந்துவிடும், அங்கே வாரம் இரண்டு முறை முக்குங்கள், மதுரை கோடைக்கும் அதே கணக்கு. இருபத்து நாலு மணி நேரமும் ஏசி ஓடும் அறையில் வைத்தால் காற்று வறண்டு கிடக்கும், அங்கேயும் இரண்டு முறை, ஏசியின் வாய்க்கு நேராக வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தொடும்போது செடியை உள்நிழலுக்கு நகர்த்திவிட்டு விடிகாலையில் நனையுங்கள். ஈரத்தோடு உச்சி வெயில் பட்டால் வெந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் ஆட்கள் உறைபனி ராத்திரிகளில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

பயப்பட வேண்டிய காலம் கோடை இல்லை, ஐப்பசி கார்த்திகைதான். மழைத் தண்ணீர் இதற்கு அமிர்தம், ஒரு நாள் மழையில் நனைந்தால் அடுத்த நாளே செடி புதுசு மாதிரி நிமிரும். ஆனால் விடாமல் நாலு நாள் அடைமழை, காற்றும் நின்றுவிட்டது என்றால் காயவே நேரம் இல்லாமல் குருத்து அழுகும். ஒரு நாள் நனையவிட்டு, உதறி, சன்ஷேடுக்குக் கீழே எடுத்துவிடுங்கள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வாளிக்கும் லீவு.

எந்தத் தண்ணீர் என்பது நம் ஊரில் தனிப் பிரச்சினை. ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டுக் காயவிடுங்கள், வெள்ளை வட்டம் படிந்தால் அதே உப்பு செடியின் செதிலிலும் படியும். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் அப்படித்தான். மழைத் தண்ணீரைப் பிடித்து மூடிவைத்தால் அதுவே முதல் தரம். இல்லையென்றால் குடிக்கும் ஆர்ஓ தண்ணீர், அல்லது கேன் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் 200க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக விடலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று எல்லாச் செடிக்கும் ஊற்றுகிறோமே, அதை இதற்கு மட்டும் ஊற்றாதீர்கள், வடிகட்டித் தள்ளின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாததுதான், ஆனால் செம்புக் குழாய் மேல் வடிந்து வருவது, இந்தக் குடும்பத்துக்குச் செம்பு விஷம், நான் தொடுவதில்லை. அரிசி களைந்த தண்ணீரும் வேண்டாம், இலையில் மாவு படிந்து எறும்புதான் வரும். கிருமி போகும் என்று செம்புச் சொம்பில் ஊறவைத்த தண்ணீர், சொல்லவே வேண்டாம்.

சாப்பாடு

அதிகம் கேட்காது. உரக்கடையில் கிடைக்கும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும், தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் எடுத்து, லிட்டருக்குக் கால் கிராம், அதாவது விரல் நுனியில் ஒரு சிட்டிகை, மாதம் ஒருமுறை அந்த ஞாயிறு வாளியில் கலந்துவிடுகிறேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தோட்டப் பயிருக்கு, அதைப் பார்த்துப் போட்டால் நுனி கருகும். அடுத்த வாரம் வெறும் தண்ணீரில் முக்கும்போது மிச்ச உப்பும் கழுவிப்போய்விடும். போடாவிட்டாலும் சாகாது, மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

உரத்தைவிட முக்கியமான எச்சரிக்கை: பக்கத்தில் ரோஜாவுக்கோ எலுமிச்சைக்கோ போர்டோ கலவையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடோ, அதாவது செம்பு கலந்த பூஞ்சை மருந்து, அடிக்கிறவர்கள் அன்றைக்கு இதை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சாரல் பட்டாலே போதும்.

எதில் கட்டுவது

எதிலுமே கட்டாமல் ஒரு கம்பி வளையத்தில் உட்காரவைத்தாலும் வளரும், நனைக்க எடுப்பதும் எளிது. ஆரம்பத்தில் ஆறு மாதம் அப்படியே வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம் ஆசைப்பட்டால் காய்ந்த மாங்கிளை, புளியங்கட்டை, கொட்டாங்குச்சி எல்லாம் சரி. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய, பச்சை சாயல் அடிக்கும் மரப்பலகையில் செம்பு இருக்கலாம், அது வேண்டாம். கட்டுவதற்கு நைலான் தூண்டில் நரம்பு. செம்புக் கம்பி கூடவே கூடாது. தேங்காய்நார்ப் பொதிக்குள்ளோ பாசிக்குள்ளோ அடியைப் புதைக்காதீர்கள், ஈரம் தேங்கும். மண்ணில் நடுவது பற்றிப் பேசவே வேண்டாம். கொண்டை நேராக வானம் பார்க்காமல் கொஞ்சம் சாய்வாக இருக்கும்படி கட்டுங்கள், தண்ணீர் தானாகவே வழிந்துவிடும். நரம்பு இறுக்கமாக இருந்தால் சில மாதங்களில் வேர் விட்டுக் கட்டையைக் கவ்விக்கொள்ளும், பிறகு நரம்பை அறுத்துவிடலாம். கட்டையோடு சேர்த்து வளர்கிற செடியை வாளியில் முக்க முடியாது, அதற்கு வாரத்தில் மூன்று காலை குழாய்த் தண்ணீர் ஓட ஓடக் கழுவுவது மாதிரி நனைக்க வேண்டும், குழாயில் வருவது உப்புத் தண்ணீர் என்றால் பூவாளியில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னமோ ஆயிற்று என்றால்

இலை இரண்டு ஓரமும் உள்பக்கம் மடங்கி வாய்க்கால் மாதிரி ஆனால் தாகம். நுனி மட்டும் பழுப்பாகிக் காய்ந்தாலும் பெரும்பாலும் தாகம்தான், இல்லையென்றால் உப்பு. மிகவும் வற்றிப்போன செடியைக் காலையிலேயே மழைத் தண்ணீரில் போட்டு நாலு ஐந்து மணி நேரம் ஊறவிட்டு, சாயங்காலத்துக்குள் காயவைத்துவிடுங்கள். ஒரே நாளில் தேறாது, இரண்டு மூன்று வாரம் விட்டு விட்டுச் செய்ய வேண்டும். காய்ந்த நுனியைக் கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டால் வெட்டினதே தெரியாது.

அடி கருத்து, மெத்தென்று, நடு இலை கழன்றுவந்தால் அழுகல். அதற்கு வைத்தியம் கிடையாது. பக்கத்தில் குட்டி இருந்து அது கெட்டியாக இருந்தால் அதை மட்டும் பிய்த்துக் காப்பாற்றலாம்.

இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு தெரிந்து, எறும்பும் ஏறி இறங்கினால் மாவுப்பூச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள், வாராவாரம் மூன்று முறை. வேப்பெண்ணெய் அடிக்கக் கை பரபரக்கும், எல்லாச் செடிக்கும் அதுதானே நமக்கு. எண்ணெய் செதிலை மூடிவிடும், வேண்டாம். பூனை வளர்க்கிறவர்களுக்கு: செடி பூனைக்கு விஷம் இல்லை, ஆனால் பூனை செடிக்கு விஷம், மென்று துப்பிவிடும்.

பூவும் குட்டியும்

குட்டியாக வாங்கின செடி பூக்க ஒன்றிரண்டு வருடமாவது ஆகும், விதையிலிருந்து என்றால் அதைப்போலப் பல மடங்கு, யாரும் வீட்டில் அந்த வேலைக்குப் போவதில்லை. முதலில் நடு இலைகள் ரோஜா நிறமாகி, பிறகு குங்குமமாகச் சிவக்கும், இந்தச் சிவப்பு சில வாரம் நிற்கும். பிறகு ஒரு நாள் காலையில் நடுவிலிருந்து கருநீலமும் ஊதாவுமாக ஒரு குழல் நீட்டிக்கொண்டு நிற்கும், நுனியில் மஞ்சள் மகரந்தம். சொந்த ஊரில் அந்தச் சிவப்பைப் பார்த்து ரீங்காரச்சிட்டு வந்து தேன் குடிக்கும். ஒரு பூ ஓரிரு நாள்தான் தாங்கும், அடுத்தடுத்து நாலைந்து வரும். அந்த நாட்களில் பூ நனையாமல் அடியை மட்டும் தண்ணீரில் பிடியுங்கள்.

பூக்க வைக்க ஆப்பிளோடு சேர்த்துப் பையில் கட்டிவைக்கும் வித்தை ஒன்று சுற்றுகிறது. பொய்யில்லை, பழுக்கும் ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு இந்தக் குடும்பத்தைப் பூக்கத் தூண்டும், அன்னாசித் தோட்டங்களில் குருத்தில் எத்திலீனை வெளிவிடும் எத்திஃபான் மருந்தை ஊற்றி ஒரே சமயத்தில் பூக்க வைப்பதும் இதே கணக்குத்தான். ஆனால் மூடின பை, நம் ஊர் வெக்கை, உள்ளே ஈரம், என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். தானாகப் பூக்கட்டும்.

ஒரு கொண்டை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும், வாழை குலை தள்ளுவது மாதிரி. பூத்த பிறகு, சில சமயம் பூக்கும் முன்பே, அடியில் இரண்டு மூன்று கன்று எட்டிப்பார்க்கும். தாய் அவற்றுக்கு ஊட்டிக்கொண்டே ஒரு வருடமோ கொஞ்சம் கூடவோ இருந்து மெல்லக் காயும். சோகப்பட்டுத் தாயைச் சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கன்று வளர்வதே அதை வைத்துத்தான். கன்று தாயின் பாதி அளவு வந்ததும் இரண்டையும் அடியில் பிடித்து, கன்றைக் கீழ்நோக்கி மெதுவாகத் திருகினால் 'டொக்' என்று சின்னச் சத்தத்தோடு கழன்றுவரும். வராவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் ஒரு மாதம் விடுங்கள். நான் முதல் இரண்டை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டேன், அதனால்தான் இப்போது பந்தாக இருக்கிறது. ஆனால் பந்துக்கு நடுவில் காற்று போகாது, அது காய ஒற்றைச் செடியைவிட ஒரு மணி நேரம் கூட ஆகும், மழைக்காலத்தில் அதற்கு மட்டும் தனியாக மின்விசிறி. பிரித்த கன்றை அந்தத் திருகின இடம் உலர ஒரு நாள் நிழலில் போட்டுவைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு அதையும் வாளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.